சீனி போட்ட சூடு

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி அறையில் இருந்தவர்கள்: இரத்தம் எடுக்க மாதம் ஒருமுறை தலவாக்கலையிலிருந்து வரும் தனுஜா, இரத்தம் கொடுக்க வேண்டிய மீனம்மா, கூப்பிடாமலே வந்த அவள் கணவன் சோலைமலை.

மீனம்மாவின் கண்ணில் புரை. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தின் சீனி ரிப்போர்ட் இல்லாவிட்டால் ஆபரேஷன் திகதி வேறொருவருக்குப் போய்விடும். கொழுந்துக்கும் முற்றலுக்கும் வித்தியாசம் தெரியாமல் அவள் தினமும் கங்காணியிடம் ஏச்சு வாங்குகிறாள்.

பனியில் நடந்து வந்த கை சில்லிட்டுக் கிடந்தது. புறங்கையில் நீலமாகத் தெரிந்த நாளத்தில் தனுஜா ஊசியை வைத்தாள். நாளம் நழுவி ஓடியது.

"என் கையப் பாருங்க மிஸ்." சோலைமலை சட்டையைச் சுருட்டினான். "நரம்பு கொடிக்கயிறு மாதிரி இருக்கு. இதுல எடுத்து அவ பேரை எழுதிக்குங்க. ஒரே பானைச் சோறுதானே."

"பானை ஒண்ணுதான். அள்ளுறது நீங்க," என்றாள் மீனம்மா.

"கண்ணுக்குத் தெரியிறதெல்லாம் நல்ல நரம்பு இல்லங்கய்யா. முழங்கை மடிப்புல இருக்கிறது ஓடாது. அது எழும்ப கை சூடாகணும். சூடா ஏதாவது கொண்டாங்க," என்றாள் தனுஜா.

அவன் லயத்து வீட்டுக்குப் போய் ஒரு ஜக்கு கொண்டுவந்தான். மீனம்மா அதை முழங்கை மடிப்பில் அணைத்துக்கொண்டாள். சூடு ஏறியது. மணமும் ஏறியது. காலைப் பழக்கத்தில் ஜக்கு தானாக வாய்க்குப் போனது. உதட்டில் படுமுன் தனுஜா பிடுங்கினாள்.

"இது தேத்தண்ணி."

"சூடா கேட்டீங்க. எங்க வீட்டுல சூடுன்னா இதுதான். சீனியும் போட்டிருக்கேன்."

"சீனி பாக்குற டெஸ்ட்டுக்கா?"

"ரிசல்ட் நல்லா வரட்டும்னு."

ஜக்கை அவனிடமே கொடுத்துவிட்டு, தனுஜா மீனம்மாவின் மேல்கையில் பட்டியைக் கட்டி விரலால் தேடினாள். துடித்தது தமனி, விட்டாள். கம்பிபோல் விறைத்தது தசைநார், அதையும் விட்டாள். அடுத்து ஒன்று மெத்தென்று அமுங்கி எழும்பியது.

"நானும் இப்ப இப்படித்தான் தடவித் தடவிக் கொழுந்து எடுக்கிறேன்," என்றாள் மீனம்மா. "கங்காணி கண்டா ஒங்களையும் ஏசுவாரு மிஸ்."

ஊசி இறங்கியது. குழாய் கருஞ்சிவப்பாக நிறைந்தது.

"முடிஞ்சிது. இனிக் குடிக்கலாம்."

மீனம்மா கையை நீட்டினாள். சோலைமலை ஜக்கைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழுந்தது.

"ஆறிடும்னுதான்..."

"நடங்க வீட்டுக்கு. மொதல்ல கண்ணு தெரியட்டும். அப்புறம் இருக்கு ஒங்களுக்கு."

அவன் முந்திக்கொண்டு படியிறங்கினான். பஞ்சை அழுத்தியபடி அவள் விரட்டினாள். தனுஜா குழாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினாள்.