யெட்டி ஷூ லேஸ் கட்டிய நாள்

1943 கோடையில், எங்கள் ஆம்ஸ்டர்டாமில் இரண்டே பெட்டிகளோடு புறப்பட்ட டிராம் ஒன்று காலையில் நாடக அரங்கைக் கடக்கத் தொடங்கி, மதியம் தாண்டியும் கடந்து முடிக்கவில்லை. அரங்கில் அப்போது நாடகம் கிடையாது. யூதர்களைப் பிடித்து அடைத்துவைத்து ரயிலேற்றும் இடமாக ஜெர்மானியர்கள் அதை ஆக்கியிருந்தார்கள். குழந்தைகளின் அழுகை காவலர்களுக்குத் தலைவலி தந்ததாம். அவர்களை மட்டும் எதிரே இருந்த காப்பகத்தில் விட்டிருந்தார்கள். அந்தத் தலைவலி காப்பகத்துச் செவிலி பெட்யேவுக்குப் பெரிய உபகாரமாகப் போயிற்று. டிராம் குறுக்கே வந்தால், அரங்கு வாசலில் நிற்கும் காவலன் வெண்ட்லிங்குக்குக் காப்பக வாசல் மறையும். அதற்குள் அவள் ஒரு குழந்தையைத் தெருமுனையில் காத்திருக்கும் கல்லூரி மாணவியிடம் சேர்த்துவிடுவாள். பெற்றோர் சம்மதித்த பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள், யெட்டியைத் தவிர.

யெட்டிக்கு நான்கு வயது. ஷூ லேஸைத் தானே கட்டுவாள். வேறு கை பட்டால் தெருவே கூடும்படி அலறுவாள். அவள் கட்டி முடிப்பதற்குள் கடந்துபோய், ஏற்கெனவே இரண்டு டிராம்கள் வீணாகியிருந்தன. மறுநாள் அவளும் அவள் அம்மா ஹெஸ்டரும் ரயிலேற வேண்டும்.

"இன்னிக்கு மட்டும் அக்கா கட்டிவிடுறேன்டி, செல்லம்" என்று பெட்யே கெஞ்சினாள்.

"நானே கட்டுவேன்" என்று யெட்டி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

டிராம் வந்தது. இரண்டாம் பெட்டிக்குப் பின்னால் மூன்றாவது வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. ஓட்டுநர் ஹார்ம் கடைசி நிறுத்தத்தில் சிக்கரித் தண்ணீரைக் காப்பி என்று நம்பிக் குடித்துக்கொண்டிருந்தபோது, வண்டியின் பின்பகுதி பணிமனையை விட்டே கிளம்பியிருக்கவில்லை. டிக்கெட் கொடுக்கப் பின்னால் போன நடத்துநர் தாடியோடு திரும்பி வந்தார். பயணிகள் முதலில் முணுமுணுத்தார்கள். படியில் குனிந்திருந்த சின்னத் தலையைப் பார்த்ததும், ஒருவர் விடாமல் காவலன் பக்கத்து ஜன்னல்களில் செய்தித்தாளை விரித்துப் பிடித்தார்கள். ஜெர்மானியர் நடத்திய பத்திரிகை எங்கள் ஊருக்கு உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். வெண்ட்லிங் வண்டியின் வாலைத் தேடி மீன் சந்தைவரை நடந்துபோய், கால் வலிக்கத் திரும்பினான். மேலதிகாரியிடம் சொன்னால் குடித்திருக்கிறாய் என்பார். அதனால் வாயை மூடிக்கொண்டான்.

அரங்கின் கீழ்க்கூடத்து ஜன்னலருகே ஹெஸ்டர் நின்றிருந்தாள். மறுநாள் ரயில் அவளைக் கொண்டுபோனது, அவள் திரும்பவில்லை. மகள் வடக்கே ஒரு பால் பண்ணைக்காரர் வீட்டில் வளர்ந்து, எழுபது வயதுவரை எல்லோரையும் வாசலில் காக்கவைத்தாள். அன்று மதியம் ஹெஸ்டரின் கண்ணுக்குத் தெரிந்ததோ செய்தித்தாள் மறைத்த டிராம் ஜன்னல்கள் மட்டும்தான்.

வைரம் பட்டை தீட்டும் கிழவர் மோசஸ் அவள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இந்த டிராமுக்கு முடிவே கிடையாதா?"

ஹெஸ்டர் சிரித்தாள். பிடிபட்ட நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இப்பத்தான் வலது கால் முடிஞ்சிருக்கும், பெரியவரே. இன்னும் இடது கால் இருக்கு."

மோசஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார். டிராம் வந்துகொண்டே இருந்தது.