அயர்லாந்துக்காரர் வரைந்த வரப்பு

அந்த வெள்ளைக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நீட்டிய கையில் பென்சிலைப் பிடித்துத் தன் புஞ்சையை அளந்ததைப் பார்த்த அன்றைக்கே, சர்வேக்காரரோ என்று நாகவல்லிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

1968, பங்குனி மாதம். அமராவதிபுதூருக்குத் தெற்கே கண்மாய்க்கரையை ஒட்டி அவளுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் புஞ்சை. புருஷன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பக்கத்துப் புஞ்சை கொழுந்தன் வீரையாவுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்பு, அதன்மேல் வரிசையாக ஐந்து பனை. பாகம் பிரித்தபோது வரப்பும் பனைகளும் மூத்தவனான அவள் புருஷன் பங்கில் வந்தன. அவன் கண்ணை மூடியதிலிருந்து வீரையாவின் ஏர் ஒவ்வொரு உழவிலும் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டே வந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் காரைக்குடியிலிருந்து வாடகை சைக்கிளில் இந்த மனிதர் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் வெந்த முகம், ஓலைத் தொப்பி, விரித்தால் மூன்று காலில் நிற்கிற ஒரு மரச்சட்டம். கண்மாய் எவ்வளவு பெரிசு, கரை எவ்வளவு நீளம்! அவருக்கு உட்கார ஒரே இடம்தான் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் நாகவல்லியின் வரப்பு நேராகத் தெரியும். மூன்றாம் நாள் வீரையாவே நுங்கு சீவிக்கொண்டு போய் அவருக்குக் கொடுத்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பிறகு சந்தேகத்துக்கு என்ன குறைச்சல்?

சனி, ஞாயிறுகளில் காரைக்குடிப் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார் தண்டாயுதபாணி அவருக்குத் துணையாக வருவார். அவரைப் பிடித்துக் கேட்டாள்.

"வாத்தியாரய்யா, இவுக சர்வேகாரகளா?"

"இல்லம்மா. படம் வரையிறவுக. மலை, வயக்காடு, ஆகாசம்னு வெளிக்காட்சிதான் வரைவாக. பேரு ஈமன் டுகன்."

"இங்கிலீஷ்காரகளா?"

அந்த ஒரு சொல் மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. தூரிகையை நிறுத்திவிட்டுத் தலையை வேகமாக ஆட்டினார். "அயர்லாந்து," என்றார்.

"அப்படிச் சொன்னா கோவம் வந்துரும் அவுகளுக்கு," என்று வாத்தியார் சிரித்தார். "அவுக நாடும் இங்கிலீஷ்காரன்கிட்ட இருந்து பிரிஞ்சதுதான்."

வெள்ளைக்காரர், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை என்றால் பின்னே யார்? அவளுக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது.

வாத்தியார் அவருடைய கதையைச் சொன்னார். மேற்குக் கடற்கரையில் ஒரு குத்தகைக்காரர் மகன். வருஷமெல்லாம் மழை தூறுகிற ஊர். அங்கே ஒரே ஒரு சதுப்பு நிலத்தை மட்டும் இருபது வருஷமாகத் திரும்பத் திரும்ப வரைந்தாராம். மனைவி இறந்தபின் அந்த நிலத்தின் பக்கம் கை ஓடவில்லை. எப்போதோ ஒரு கப்பல் பயணத்தில் பழக்கமான ஒரு காரைக்குடிக்காரர் செம்மண்ணைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

"பொண்டாட்டி செத்த துக்கத்துக்கு எம் புஞ்சைதான் கெடச்சுதாக்கும்," என்றாள் நாகவல்லி.

அவள் கிட்டே போனாலே அவர் படத்தின் மேல் துணியைப் போட்டு மூடினார். முடியாத படத்தை யாருக்கும் காட்ட மாட்டார் என்றார் வாத்தியார். வீரையாவுக்கும் காட்டியதில்லையாம். அதை அவள் நம்பவில்லை.

பங்குனிக் கடைசியில் தங்கை மகளின் காதுகுத்துக்காகச் சிங்கம்புணரி போனாள். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால் வரப்பில் நாலு பனைதான் நின்றது. ஐந்தாவது நின்ற இடத்தைத் தூர்த்து, மேலே உழுதும் போட்டிருந்தது. அந்த முனையில் வரப்பு இரண்டு முழம் இவள் பக்கம் நகர்ந்திருந்தது.

"என்ன மதினி சொல்றீக? எப்பவும் நாலு பனைதானே?" என்றான் வீரையா, வெற்றிலையை மென்றுகொண்டே.

அக்கம்பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். கோடையில் அவர்களுக்குத் தண்ணீர் விடுவது வீரையாவின் பம்புசெட்டு. அவள் போய் முறையிட்டதும் கிராம முன்சீப் ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சாவடியில் விசாரிப்பதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை அவள் நேரே கண்மாய்க்கரைக்குப் போனாள். எதிரியின் ஆளாகவே இருக்கட்டும், படத்தில் ஐந்து பனையும் இருக்குமே, படம் பொய் சொல்லாது. வாத்தியார் தடுப்பதற்குள் துணியை இழுத்துவிட்டாள்.

அவள் மண்தான். அந்தச் சிவப்பும், பத்து மணி வெயிலில் அதன்மேல் எழுகிற வெளிச்சமும் அப்படியே இருந்தன. ஆனால் பனை மூன்று. வரப்பு நேராகப் போகாமல் கண்மாய்த் தண்ணீரை நோக்கி வளைந்து போயிற்று.

"மிச்சப் பனை எங்க?"

வாத்தியார் கேட்டுச் சொன்னார். ஐந்தும் வேலி மாதிரி நின்று ஆகாசத்தை மறைத்ததாம். படத்துக்காக இரண்டை எடுத்துவிட்டாராம்.

"அவன் ஒண்ணை வெட்டினான். இவுக ரெண்டை வெட்டிட்டாக!"

பனையை வெட்டிய நாட்களில் டுகன் கரைப்பக்கம் வந்திருக்கவில்லை. நடந்ததை வாத்தியார் இங்கிலீஷில் விளக்கியதும் அந்தச் சிவந்த முகம் வெளுத்துப் போயிற்று. விசாரணை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் சாவடியில் பேச்சு தொடங்கி அரை மணி ஆகியிருக்கும். வாத்தியாரோடு அவர் வந்து நின்றார். கையில் துணி சுற்றிக் கட்டிய படம். அதில் இருப்பது மூன்று பனை. முடிச்சை அவிழ்த்தால் நாகவல்லியின் வழக்கு அத்தோடு முடிந்தது. நுங்குக்கு நன்றி காட்ட வந்திருக்கிறார் என்றே நினைத்தாள்.

"என்னது அது?" என்றான் வீரையா.

"ஒரு மாசமா உங்க வரப்பைத்தான் உக்காந்து வரைஞ்சாக," என்றார் வாத்தியார். "இங்க ஏதோ சொல்லணுமாம்."

டுகன் முடிச்சில் கையை வைத்தார். வீரையாவின் வாயில் வெற்றிலை அரைபடுவது நின்றது. அந்த மனிதர் பனையைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதுமாக நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததை அவனும்தான் பார்த்திருக்கிறான். மதினி ஆள் வைத்துத் தன்னைப் பிடித்துவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இருங்க, இருங்க," என்று எழுந்தான். "நம்ம குடும்பத்துக்குள்ள எதுக்கு மதினி வெளியாள் சாட்சி? சர்வேயர் வரட்டும். எல்லைக்கல்லு எங்க இருக்கோ அங்க வரப்பைப் போட்டுருவோம். வெட்டினது என் தப்புதான்."

டுகனின் கை முடிச்சிலேயே நின்றது.

வெளியே வந்ததும் அவள் வாத்தியாரை மறித்தாள். "எதுக்குக் கொண்டாந்தாக இதை?"

"பார்த்தது அஞ்சு, வரைஞ்சது மூணு, தப்பு என்னோடதுன்னு எல்லாரு முன்னாடியும் ஒத்துக்கிட வந்தாகம்மா. 'அஞ்சு பனை பார்த்தேன்'னு தமிழ்ல சொல்ல விடியக்காலமே எங்கிட்டக் கேட்டுப் படிச்சாக."

நாகவல்லி டுகனின் முகத்தை உற்றுப் பார்த்தாள். நிஜமாகவே சொல்லத்தான் வந்தாரா, இல்லை வீரையா பயப்படுவான் என்று கணக்குப் போட்டு வந்தாரா? பச்சைக் கண்ணில் ஒன்றும் பிடிபடவில்லை.

பத்து நாளில் சர்வேயர் வந்தார். செடிகொடிக்குள் புதைந்து கிடந்த எல்லைக்கல்லைத் தோண்டி எடுத்தார். வரப்பு பழைய இடத்துக்குப் போயிற்று. வெட்டிய பனை போனது போனதுதான்.

டுகன் ஊருக்குக் கிளம்புமுன் வாத்தியாரோடு வந்து படத்தை அவளிடம் நீட்டினார். அவள் வெகுநேரம் அந்தச் சிவப்பைப் பார்த்தாள். விரல் நுனியால் ஒருமுறை தொட்டும் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு வாத்தியாரய்யா. ஆனா மூணு பனை இருக்கிற படம் எம் வீட்டுல இருந்தா, நாளைக்கு வீரையா அதையே சாட்சியாக் கொண்டுபோய் நிறுத்துவான். அவுக ஊருக்கே கொண்டுபோகச் சொல்லுங்க."