கறுப்பில் மஞ்சள்

அச்சகத்தில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் கத்தரி. புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் வேலை. வரிக்கும் வரிக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் கூடிவிட்டாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்படிப்பட்டவளைத்தான் நூலக வாசகர் வட்டம் வலைப்பூப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டது. வடிவமைப்புக்கு ஐம்பது மதிப்பெண், அது என் பொறுப்பு. எழுத்துக்கு ஐம்பது, அதைப் பார்ப்பவர் ஒரு பள்ளி ஆசிரியர். எல்லோரும் அவரை வாத்தியார் என்றே கூப்பிடுவார்கள். அவர் யாருக்கும் முப்பத்தைந்துக்குக் கீழே போட்டதில்லை. நான் யாருக்கும் முப்பத்தைந்து போட்டதில்லை.

எங்கள் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் சுற்றில் குறைகளை எழுதி அனுப்பிவிடுவோம். திருத்திக்கொள்ள மூன்று வாரம் அவகாசம். பிறகு இன்னொரு முறை பார்த்து இறுதி மதிப்பெண் போடுவோம். முடிவு வரும்வரை நடுவரும் போட்டியாளரும் பேசிக்கொள்ளக் கூடாது.

வந்திருந்த முப்பத்தொரு வலைப்பூக்களில் ஒன்று என் கண்ணைக் குத்தியது. எழுதியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். கன்னங்கரேல் என்ற பின்னணியில் பளீர் மஞ்சள் எழுத்து. அதுவும் சின்ன எழுத்தா? ஒரு வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும். ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் விரல் தேய்ந்துவிடும். படம் இல்லை, ஓரம் இல்லை, ஒன்றுமே இல்லை. ஐம்பதுக்கு ஆறு போட்டேன். அந்த ஆறும் தலைப்பில் பிழை இல்லாததற்காக.

குறிப்பும் எழுதினேன். 'எச்சரிக்கைப் பலகையின் நிறத்தை வலைப்பூவுக்கு அடிக்காதீர்கள். எழுத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். வெள்ளைப் பின்னணி, சாம்பல் நிறம், மெல்லிய எழுத்துரு. படிப்பவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.'

கடைசி வரியை எழுதியபோது எனக்கு என்னை ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்று வாரம் கழித்து நூலகத்தின் பின்னறையில் நானும் வாத்தியாரும் மறுபடி உட்கார்ந்தோம். லிஃப்ட் மெக்கானிக்கின் வலைப்பூவைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மனுஷன் நான் சொன்னதில் ஒன்று விடாமல் செய்திருந்தார். வெள்ளை வெளேரென்று பக்கம். மென்மையான சாம்பல் எழுத்து. ஓரங்களில் தாராளமாக இடம். என் கையே போய் வடிவமைத்தது போல இருந்தது.

"பாத்தீங்களா சார்? திட்டினா திருந்துவாங்க. நீங்கதான் தடவிக் குடுத்தே எல்லாரையும் கெடுக்கறீங்க. நாப்பத்தி மூணு போடப் போறேன்" என்றேன்.

வாத்தியார் கணினியில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தார்.

"நீங்க பக்கத்தைப் பாக்கறீங்க. நான் கீழ இருக்கற கமெண்ட்டைப் பாக்கறேன்" என்றார். "இவருக்குன்னு ஒரே ஒரு வாசகிதான். 'அக்கா'ன்னு பேர் போட்டு எழுதறாங்க. முன்னாடி எப்படி எழுதியிருக்காங்க பாருங்க."

பார்த்தேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டில் ஒரு பெரியவர் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததையும், கதவைத் திறந்தவுடன் 'அதுக்குள்ளயா?' என்று சலித்துக்கொண்டதையும் மெக்கானிக் எழுதியிருந்தார். கீழே அக்காவின் கமெண்ட்: 'பாவம், அவர் வீட்டில் எத்தனை பேரோ! அது இருக்கட்டும், மத்தியானம் சாப்பிட்டாயா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.' இன்னொன்றுக்கு, 'போன மாதமும் இதே கட்டடத்தில்தானே கம்பி அறுந்தது? அவர்களிடம் கறாராகப் பேசு, வாயில் கொழுக்கட்டையா?' ஒவ்வொரு பதிவுக்கும் இப்படி உரிமையோடு ஒரு விசாரணை.

"இப்ப புதுப் பக்கம் வந்தப்புறம் பாருங்க."

நல்லா இருக்கு. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.

"அழகா இருக்கு, அதான் பாராட்டறாங்க" என்றேன்.

வாத்தியார் கடைசிப் பதிவைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஒரு லிஃப்ட் கதவின் விளிம்பில் கை மாட்டி உள்ளங்கை கிழிந்ததையும், நான்கு தையல் போட்டதையும், ஆஸ்பத்திரிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அக்கா ஞாபகம் வந்ததையும் மெக்கானிக் எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே அக்கா எழுதியிருந்தது: 'நல்லா இருக்கு.'

அந்தப் பதிவு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு மெக்கானிக் எதுவுமே எழுதவில்லை.

"அந்தம்மா படிக்கலைங்க" என்றார் வாத்தியார் மெதுவாக. "படிச்சிருந்தா இந்த ஊரையே ரெண்டாக்கியிருப்பாங்க."

மெக்கானிக்கின் விண்ணப்பம் மேசையில் இருந்தது. பேசக் கூடாது என்ற விதியை எழுதியதே நான்தான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "கண்ணாடி இல்லாட்டி எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க எந்தத் தாளை எடுத்தாலும் தெரியாது" என்றார்.

விண்ணப்பத்தில் இருந்த கம்பெனி முகவரியில் விசாரித்துக்கொண்டு அன்று மதியமே போனேன். எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வலது கையில் கட்டோடு ஒருவர் இடது கையால் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். நான் யார் என்று சொன்னதும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"மேடம், நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேனே. இன்னும் ஏதாவது தப்பா?"

"முன்னாடி ஏன் கறுப்புல மஞ்சள் வெச்சிருந்தீங்க?"

"அது அக்காவுக்காக மேடம். ரெண்டு கண்ணுலயும் நடுவுல மங்கலாயிட்டே வருது. வெள்ளையா இருந்தா கூசும், எழுத்தெல்லாம் கரைஞ்சிடும். கறுப்புல மஞ்சளா, பெருசா இருந்தாத்தான் தெரியும். வேற ஊர்ல பொண்ணு வீட்ல இருக்கு. அம்மா போனப்புறம் என்னை வளத்ததே அதுதான்."

"ஃபோன்ல பேசலாமே?"

"ஞாயித்துக்கிழமை பேசுவோம். ஆனா அதுக்குப் படிக்கணும். 'காது எங்கயும் போகப் போறதில்ல, கண்ணுதான் போகுது, இருக்கற வரைக்கும் படிச்சுக்கறேன், எழுதுடா'ன்னு சொல்லும். டாக்டர் ஒரு வருஷம்னு சொல்லியிருக்கார். அதனாலதான் தெனம் எழுதறேன்."

படிப்பவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் என்று இந்த மனிதருக்குத்தான் நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். எங்கே போய் முட்டிக்கொள்வது?

"அப்புறம் எதுக்கு மாத்தினீங்க?" என்று கேட்டேன். என் தப்புக்கு அவர் மேலேயே எரிந்து விழுந்தேன்.

"நீங்க எழுதினதை அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். 'பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், மாத்து'ன்னுச்சு. மாத்தினப்புறம் 'தெரியுதா'ன்னு கேட்டேன், 'நல்லாத் தெரியுது'ன்னுச்சு." அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "கை கிழிஞ்சுதுன்னு எழுதறேன், நல்லா இருக்காம். அக்காவுக்கு இப்பல்லாம் நம்ம மேல ஒட்டுதல் இல்லன்னு விட்டுட்டேன். போன ஞாயித்துக்கிழமை நான் ஃபோனே எடுக்கல."

"அக்கா படிக்கல. படிக்க முடியல. உங்களுக்குப் பரிசு கெடைக்கட்டும்னு தெரியுதுன்னு பொய் சொல்லியிருக்காங்க" என்றேன்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய ஃபோனை வாங்கி என் வாழ்க்கையிலேயே அவலட்சணமான பக்கத்தை ஆசை ஆசையாக வடிவமைத்தேன். கறுப்பு. மஞ்சள். தடித்த எழுத்து. முன்பைவிடக் கொஞ்சம் பெரிசு. ஓரத்தை அடியோடு ஒழித்தேன். பழைய பதிவுகள், புதிய பதிவுகள் எல்லாமே மாறின. அவர் இடது கையால் தட்டுத் தடுமாறி ஒரு வரி எழுதினார்: 'அக்கா, பழையபடி மாத்தியாச்சு. இப்ப படி.'

காத்திருந்தோம். பையோடு வந்த ஒருவர் மாடிப்படியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "லிஃப்ட் இன்னைக்கு ஓடுமா, இல்ல நீங்க ரெண்டு பேரும் இங்கயே குடித்தனம் வெச்சுட்டீங்களா?" என்று கேட்டார். "பத்து நிமிஷம் சார்" என்றார் மெக்கானிக், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலில் ஒன்று வந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய பதிவுக்கு: 'அந்தக் குழந்தை அப்புறம் அழுகையை நிறுத்தியதா இல்லையா? பாதியில் விட்டுவிட்டாயே.' பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அக்கா வாயால் சொல்லச் சொல்ல ஃபோனே எழுதிக்கொள்ளுமாம். பாக்கி வைத்த பதிவுகளை வரிசையாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கே போய் நிற்கப் போகிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நடுவில் கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை.

பிறகு வந்தது.

'எந்தக் கை? தையல் பிரித்தாயிற்றா? தனியாகவா போனாய்? நான் பாவி, நல்லா இருக்கு என்றா சொன்னேன்? ஒரு எழுத்துகூடத் தெரியவில்லையடா. உன் பெயரை நாலு பேர் படிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். திட்டாதே. நாளைக்கும் எழுது.'

அவர் கட்டுப் போட்ட கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் நாற்பத்தெட்டு வயதில் ஊர்பேர் தெரியாத கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமாகவே இல்லை.

"விதியை மீறிட்டேன். நான் நடுவர் வேலையை விட்டுடறேன். ஆனா உங்க பேரையும் எடுத்துடுவாங்க" என்றேன்.

"எடுக்கட்டும் மேடம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கட்டுமா? இன்னும் எவ்வளவு பெருசாக்க முடியும்? இப்பவே இல்ல. போகப் போக."

"ரெண்டு சொல்லு வரைக்கும் வைக்கலாம். அப்புறம் திரை முழுக்க ஒரே ஒரு சொல்லு. அதுக்கு மேல முடியாது."

அவர் தலையாட்டினார்.

"அப்ப நான் சுருக்கமா எழுதப் பழகிக்கறேன்."