பால் பொங்காத வீடு

அவளுக்கு ஒரு நாளில் இரண்டு முறை உலகம் மெதுவாகும். கேமராவின் சின்ன ஜன்னலில் கண்ணை வைக்கும்போது ஒரு முறை, சாயங்கால ஜெபத்துக்குக் கண்ணை மூடும்போது ஒரு முறை. மற்ற நேரமெல்லாம் எல்லா அம்மாக்களையும் போல அவளும் பம்பரமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட நூலகத்தில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் புத்தகங்களோடு இருந்தது போதாதென்று வீட்டுக்கும் இரண்டைத் தூக்கிக்கொண்டு வருவாள். அக்கம்பக்கத்தில் அவளுக்குப் புத்தகக்காரம்மா என்றே பெயர். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் நாவல். கதையில் யாராவது ரயிலைத் தவறவிட்டால் அடுப்பில் வெங்காயம் கருகும். கணவர் லிஃப்ட் மெக்கானிக், எதற்கும் பதறாத மனிதர். கருகியதை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "இன்னைக்குக் கதை ரொம்ப நல்லா இருந்துச்சு போல" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

படம் எடுப்பது அவள் தானாகவே கற்றுக்கொண்டது. பெரும்பாலும் வீட்டுக்குள் வந்து விழுகிற வெளிச்சத்தைத்தான் எடுப்பாள். கொடியில் காயும் சட்டையின் கைக்குள் நுழைந்த வெயில், தூங்குகிற சின்னவனின் காது, ஆறிப்போன தேநீருக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கும் புத்தகம். அச்சுப் போட்ட படங்களை ஆல்பத்தில் ஒட்ட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லிக்கொண்டே, கைக்கு வந்ததை எடுத்துப் படித்த பக்கத்தில் அடையாளமாகச் செருகிவிடுவாள். சின்னவனுக்குப் பல் முளைத்த படம் ஒரு துப்பறியும் நாவலில், கொலை நடந்த அத்தியாயத்தில் கிடக்கிறது. கல்யாணப் படம் ஒன்று வேதத்தில், உபத்திரவத்தைப் பற்றிச் சொல்கிற பக்கத்தில் இருந்ததைக் கண்டுபிடித்துக் கணவர் ஒரு வாரம் சிரித்தார்.

ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிச் சுவரில் ஏறுகிற நேரத்தில் கூடத்தில் ஜெபம் நடக்கும். அதற்கு முன்னால் அவள் செய்கிற ஒரு காரியம் கணவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்காருவாள். ஜெபம் முடியவும் பால் காயவும் சரியாக இருக்கும், நேரத்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்பது அவள் கட்சி. பொங்கிவிடும் என்று அவர் முணுமுணுப்பார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். வருஷக்கணக்கில் பால் பொங்கியதில்லை. ஒரே ஒரு நாள் வழிந்து அடுப்பே அணைந்துபோனது. பெரியவள் பள்ளிச் சுற்றுலா போயிருந்த நாள் அது. ஜெபத்தின் நடுவில் நாத்தனாரைப் பற்றி ஒரு பொல்லாத நினைப்பு வந்ததுதான் காரணம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டாள், நாத்தனாருக்கு ஃபோன் போட்டு நலமும் விசாரித்தாள். மறுநாளிலிருந்து பால் ஒழுங்காக இருந்தது.

சபையின் பெண்கள் கூட்டத்தில் இதை அவள் சாட்சியாகவே சொன்னாள். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று பேர் முயன்றும் பார்த்து, அடுப்பைத் துடைத்தார்கள். தங்களுக்குத்தான் விசுவாசம் போதவில்லை என்று பாவம், வருத்தப்பட்டார்கள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெரியவள் அதைச் சொன்னாள். பதினாறு வயது. கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, தட்டுகளிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"கண்ணை மூடினா எனக்கு இருட்டு மட்டும்தாம்மா தெரியுது. உனக்கு என்னவோ தெரியுது, எனக்குத் தெரியலை. சும்மா மூடிக்கிட்டு உட்கார்றது பொய் சொல்ற மாதிரி இருக்கு. இனிமே நான் ஜெபத்துக்கு உட்காரலைம்மா."

மகள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு அவளும் கோபப்பட்டிருக்கலாம், அதில் அவள் யாருக்கும் சளைத்தவள் இல்லை. இது தண்ணீர் மாதிரி வந்த பேச்சு. பிடித்து வைக்க இடமில்லை. பிள்ளைகள் ஒரேயடியாக வீட்டை விட்டுப் போவதில்லை, ஒவ்வொரு அறையாகத்தான் போகிறார்கள் என்று அவள் எங்கோ படித்திருந்தாள், அல்லது அரைத்தூக்கத்தில் அவளாகவே நினைத்துக்கொண்டாள். இன்று கூடம், நாளை சாப்பாட்டு மேசை, அதற்குப் பிறகு வாசல்.

அதே வாரம் பாஸ்டரம்மா ஃபோன் செய்தார். சபை மலர் ஒன்று போடுகிறார்களாம், அதில் ஒரு பக்கத்துக்கு ஜெபிக்கும் குடும்பம் என்று தலைப்பாம், படம் அவள்தான் எடுத்துத் தர வேண்டுமாம், அவள் குடும்பத்தையே எடுத்துவிட்டால் நல்லதாம். கடவுள் அனுப்பிய சாக்கு என்று நினைத்தாள். படம் எடுக்கும் வரைக்குமாவது உட்காரச் சொல்லி மகளிடம் கெஞ்சினாள். சனிக்கிழமை வரை உட்காருவதாக மகள் ஒத்துக்கொண்டாள்.

முதல் நாள் எடுத்த படம் சகிக்கவில்லை. கணவர் ஒரு கண்ணைத் திறந்து, முடிந்துவிட்டதா என்று பார்த்தார். சின்னவன் இமைகளை இறுக்கியதில் முகமே உலர்ந்த பழமாகிவிட்டது. பல் டாக்டரிடம் காத்திருக்கிறவர்கள் போல மூன்று பேரும் வரிசையாக இருந்தார்கள். அவளோ படத்திலேயே இல்லை. ஜெபத்தை எடுக்க வேண்டுமென்றால் கண்ணைத் திறக்க வேண்டும், திறந்தால் அவள் ஜெபிக்கவில்லை. இத்தனை வருஷமும் தன் வீடு ஜெபிக்கும்போது எப்படி இருக்கும் என்று தான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்தாள். சில விநாடிக்கு ஒரு படம் தானே எடுத்துக்கொள்ளும்படி கேமராவை அமைத்து, சத்தத்தை அடைத்து, புத்தக அலமாரியில் இரண்டு தடித்த அகராதிகளுக்கு நடுவே செருகிவைத்தாள். பாலை ஏற்றினாள். வந்து உட்கார்ந்து கண்ணை மூடினாள். வழக்கம் போல எல்லாம் தூரமாகப் போனது. தெருவின் சத்தம், சின்னவனின் மூச்சு, கணவரின் தாழ்ந்த குரல், எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல மங்கின. அந்த மங்கலில் மகளுக்காக மட்டும் ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். இவளை என் கையிலிருந்து எடுத்துவிடாதேயும்.

அடுத்த நாள் மத்தியானம் நூலகத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. ஜன்னல் வழியே சாய்ந்து வந்த வெயிலில் தூசி நீந்திக்கொண்டிருந்தது. மேசையில் கேமராவை வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

முதல் படத்தில் தன் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கடைக்காரனிடம் மீதிச் சில்லறை கேட்கிறவள் மாதிரி அல்லவா புருவத்தை நெரித்துக்கொண்டு இருக்கிறாள்! கணவர் வாய் லேசாகத் திறந்து, ஜெபித்தபடியே பாதித் தூக்கத்தில். சின்னவனின் தொடைக்கு அடியில் ஒரு பொம்மைக் கார். பெரியவளின் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அந்தப் படத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. பெண் எங்கே பார்க்கிறாள்? சுவரையா, கடிகாரத்தையா? இல்லை. அவள் பார்வை சமையலறைப் பக்கம் இருந்தது.

அடுத்த படத்தில் மகளின் இடம் காலி.

அதற்கடுத்ததில், சமையலறை வாசலுக்குள், அடுப்புக்கு முன்னால் குனிந்த முதுகு. கை அடுப்பின் திருகியில். பாத்திரத்தின் விளிம்புவரை வெள்ளையாக ஏறி நின்றிருந்தது நுரை. இன்னொரு படத்தில் அவள் திரும்பி வருகிறாள், பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சத்தம் கேட்காமல் நுனிக்காலில். புதிதாகச் செய்கிறவளின் நடை இல்லை அது. எந்தத் தரைக்கல் ஆடிச் சத்தம் போடும், எது போடாது என்று தெரிந்த நடை.

உட்கார்ந்த பிறகு வரிசையாகப் பல படங்களில் அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையை அம்மாவுக்குத் தெரியும். எங்கே பார்த்தோம் என்று யோசித்தபடியே சாயங்காலம் வீட்டுக்கு வந்து அலமாரியின் மேல்தட்டைக் கலைத்தாள். பக்கங்கள் உதிர்ந்த ஒரு சிறுவர் கதைப் புத்தகத்திலிருந்து அந்தப் படம் விழுந்தது. பெரியவளுக்கு நாலு வயது. அம்மா கதை படிக்கப் படிக்க, புத்தகத்தைப் பார்க்காமல், படிக்கிற அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணவர் எடுத்தது, கொஞ்சம் மங்கல்தான். அதே கண்கள். எங்கேயும் போய்விடவில்லை. அவள் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள், யாரைக் கொண்டு பார்த்துக்கொண்டார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாளா?

மகள் சமையலறையில் நின்று பாடப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா கேமராவை அவள் கையில் கொடுத்தாள். படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்ததும் பெண்ணின் காது சிவந்தது.

"கேமரா வச்சியாம்மா?"

"தப்புதான். எவ்வளவு நாளா இது?"

"சின்னப் பிள்ளையிலேர்ந்து. நீ தீயைக் குறைச்சு வைக்கவே மாட்டேங்கிற."

"சொல்லியிருக்கலாம்ல. நான் ஊரெல்லாம் சாட்சி சொல்லிக்கிட்டு அலைஞ்சேனே."

மகள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்குக் கூட்டத்துல அதைச் சொன்னப்போ உன் முகம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. எப்படிம்மா சொல்றது? இப்போ அது பொய்யாயிடுச்சே."

"பொய் எங்கேயிருந்து வந்துச்சு? பால் பொங்குச்சா?" என்றாள் அவள். பிறகு குரல் தணிந்தது. "ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நீ உட்கார வேண்டாம். கண்ணை மூடவும் வேண்டாம். வீட்டுல ஒருத்தராவது கண்ணைத் திறந்து வச்சிருக்கணும்."

மகள் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மாவின் விரல்களைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

கணவரிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெடுநேரம் தாடையைத் தடவினார். சிக்கிய கதவை இழுத்துப் பிடித்தால் ஸ்பிரிங்தான் அறுந்துபோகும், விட்டுப் பிடிக்கலாம் என்றார். அவருக்கு எல்லாமே லிஃப்ட்தான்.

மகளிடம் கேட்டுக்கொண்டு, அவள் அடுப்பின் முன் குனிந்து நிற்கிற படத்தையே பாஸ்டரம்மாவுக்கு அனுப்பினாள். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, பெண் மட்டும் அடுப்படியில் நிற்கிறாளே, நாலு பேரும் உட்கார்ந்திருக்கிற படம் இல்லையா என்று அவர் கேட்டார். இருக்கிறது, ஆனால் இதுதான் முழுசாக இருக்கிறது என்று இவள் பதில் சொன்னாள். அடுத்த கூட்டத்தில் சாட்சியைத் திருத்திச் சொல்லிவிட வேண்டும் என்றும் முடிவு செய்தாள். அடுப்பு துடைத்தவர்களுக்காவது ஆறுதலாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஏறியது. பாலை அடுப்பில் வைக்கும்போது கை தானாகத் திருகியைக் குறைக்கப் போனது. குறைக்காமல் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். விரிப்பில் மூன்று பேர். நாலாவது இடத்தைப் பார்க்காமலே கண்ணை மூடினாள். மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

அன்று உலகம் தூரமாகப் போகவில்லை. காது முழுவதும் சமையலறையில் இருந்தது. கணவர் ஜெபித்துக்கொண்டிருந்தார். பால் முதலில் மெல்ல முணுமுணுத்தது, பிறகு பாத்திரத்தின் ஓரத்தில் சீறத் தொடங்கியது. எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. கண்ணைத் திறந்துவிடக் கூடாது என்று இமைகளை இறுக்கிக்கொண்டாள். இவ்வளவு பயந்து அவள் ஒரு நாளும் விசுவாசித்ததில்லை.

திருகி திரும்புகிற சத்தம் கேட்டது. சீறல் அடங்கியது.

கணவர் முடித்தார். மூன்று பேரும் ஆமென் சொன்னார்கள்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "பாலை இறக்கிட்டேன்மா."