நனைந்த கல்லின் நிறம்

நான்கு பேர் கட்டிலைத் தூக்கி நடுக்கூடத்தில் வைக்கும்போது ஒரு கால் தரையில் கிரீச்சென்று இழுபட்டது. "மெல்ல, மெல்ல! கல்லுல கீறல் விழும்" என்று மகள் பதறினாள். சொன்ன பிறகுதான் அது அப்பாவின் பேச்சு என்று உறைத்தது. அந்தக் கட்டிலில் கிடத்தப் போவதும் அப்பாவைத்தான்.

நேற்று சாயங்காலம் தன் தரைக்கல் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், "லேசா மூச்சு வாங்குதே" என்று நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒப்புக்கு.

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து பேச்சு இல்லை, அழுகையும் இல்லை. கட்டிப்பிடித்து அழுதவர்களை இவள் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினாள். ரத்தக்கொதிப்பு உள்ள உடம்பு. எல்லாவற்றையும் உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு இவளும் விழுந்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் அப்பாவுக்காக நிம்மதியாக அழக்கூட மகளால் முடியவில்லை.

வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. கடையின் பாலிஷ் மேஸ்திரி, கல் தேய்க்கும் மெஷினோடு இறங்கினார். வெளியூர் வேலைக்குப் போனவர்; போனைத் தண்ணீரில் போட்டுவிட்டாராம், யாரும் சொல்லி அவருக்குத் தெரியாது. கூட்டத்தைப் பார்த்தார், கூடத்துக் கட்டிலைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"மொதலாளிதான் பாப்பா இன்னிக்கு வரச் சொன்னாரு" என்றார், கொஞ்சம் தெளிந்த பிறகு. "உங்கம்மா உன் வீட்டுக்கு வந்துடுவாங்களாமே ஒரு வாரத்துக்கு. அதுக்குள்ள இந்தத் தரை முழுக்க பாலிஷ் போட்டு முடிச்சிடணும்னாரு. அவங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு வேற சொன்னாரு."

மகளுக்கு இப்போது புரிந்தது. "உங்கம்மாவ கூட்டிட்டுப் போம்மா, ஒரு வாரம் நான் நிம்மதியா இருக்கேன்" என்று அப்பா போன வாரமெல்லாம் நச்சரித்தது இதற்குத்தானா!

இந்தத் தரை அந்த வீட்டின் தீராத வழக்கு. கல்யாணமான புதிதில் வீடு கட்டியபோது, சுண்ணாம்புக்கல் விற்கிற புருஷன் புது மனைவியைக் கடைக்கு அழைத்துப்போய், பிடித்ததை எடுத்துக்கொள் என்றார். வெண்ணெய் நிறம், தேன் நிறம், பழுப்பு என்று வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த பலகைகளில் அவள் நீலத்தைத் தொட்டாள். அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்து, கல்லெல்லாம் நனைந்திருந்தது. பதித்து முடித்துக் காய்ந்ததும் பார்த்தால், வீடு முழுக்கச் சாம்பல்.

"கல்லுக்காரனுக்கு வாக்கப்பட்டு சாம்பல்ல குடித்தனம் பண்றேன்" என்பாள் அம்மா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

பாலிஷ் போட்டால் நனைந்த நிறம் அப்படியே நின்றுவிடும். கடையில் ஒரே கல்லை வெட்டியபடி சொரசொரப்பாக, உளியால் கொத்தி, வழவழவென்று தேய்த்து, கண்ணாடியாகப் பளபளக்க வைத்து, ஒரே பிள்ளைக்கு நான்கு சட்டை போட்டமாதிரி வைத்திருந்தவர்தான் அப்பா. ஆனால் வீட்டுத் தரை என்றால் ஒரே பதில்: "வழுக்கும்." ஒரு எலுமிச்சம்பழச் சாறு சிந்தினால் போதும், பாலிஷ் செத்துவிடும் என்பார். அம்மா விடமாட்டாள். தினம் ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வந்துவிடும்.

"இப்ப மட்டும் ஏன் போடச் சொன்னாரு?" என்று மகள் மேஸ்திரியிடம் கேட்டாள்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'அன்னிக்கு மழையில அந்தக் கல்லத் தொட்டுட்டு அவ சிரிச்சா பாரு, காஞ்சா வேற நெறம்டின்னு சொல்ல எனக்கு வாய் வரல. இன்னும் எத்தன நாளைக்கு இழுக்குறது'ன்னாரு."

மகள் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்குவாளா என்று தெரியவில்லை. மெஷினைக் கொல்லைப்பக்கம் சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். மத்தியானம் அப்பாவை எடுத்தார்கள். அப்போதும் அம்மா அழவில்லை.

உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வெளிச்சம் இருக்கும்போதே கூடத்தைத் துடைத்துவிடலாம் என்று மகள் வாளியோடு வந்தாள். எத்தனை கால்கள், எத்தனை மண். துணியைப் பிழியாமலே போட்டதில் தண்ணீர் ஓடி, கட்டில் இருந்த இடத்தில் தேங்கியது. கல் நீலமாயிற்று.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மகளுக்குத் தோன்றியது. வாளியை ஓரமாக வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின், ஒரு வாரம், மழை, சிரிப்பு, வாய் வராதது.

"பாலிஷா? அந்த மனுஷனா?" அம்மாவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. தோள் குலுங்கச் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாயிற்று என்று மகளுக்குத் தெரியவில்லை. அம்மாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இவளும் அழுதாள். இரண்டு பேருமாக வெகுநேரம் அழுதார்கள். அப்பாடா என்றிருந்தது மகளுக்கு.

"மேஸ்திரிய எப்ப வரச் சொல்லட்டும்மா? அப்பா ஆசப்பட்டது."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஈரத்தின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன.

"அந்த மெஷின எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"ஏம்மா? நீ கேட்டதுதானே?"

"வேணாம்டி" என்றாள் அம்மா. "வழுக்கும்."

எழுந்து, வாளியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி அதே இடத்தில் தெளித்தாள். அடுப்படிக்குப் போகும்போது அந்த நீலத்தை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போனாள். பின்னாலேயே மகளும் சுற்றித்தான் போனாள்.