கணுக்காலில் காட்டிய எண்

கையில் ரத்த அழுத்தம் நூற்று நாற்பது. கணுக்காலில் இருநூற்று முப்பது. திரையில் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் கனகராஜுக்கு மூச்சு வந்தது. காலில் ஜாஸ்தி என்றால் ரத்தம் போகிறது என்றுதானே அர்த்தம்?

வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் புண். ஷூவுக்குள் நீட்டியிருந்த ஆணி ஏறிய இடம். பதினான்கு வருஷச் சர்க்கரை பாதத்து நரம்புகளை மரத்துப்போக வைத்திருந்ததால், ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒரு ஷிப்ட் முழுக்க அவர் அந்த ஆணிமேல் நின்றிருக்கிறார். வீட்டில் சாக்ஸ் நனைந்திருந்ததை மனைவி பூரணிதான் பார்த்தாள். மூன்று வாரமாகியும் புண் மூடவில்லை. ரத்தம் விரல்வரை போனால் ஆறும், போகாவிட்டால் பாதிப் பாதத்தை எடுக்க நேரிடும் என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார். அதைப் பார்க்கத்தான் வேலூர் ஆஸ்பத்திரியின் இந்தக் குளிர் அறை.

இத்தனைக்கும் ஆணி பார்ப்பதுதான் அவர் வேலை. ஷூ தைத்து முடிந்ததும் உள்ளே ஏதாவது ஆணி முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கடைசி மேஜையில் கைவிட்டுத் தடவுவார். மேல்தோலில் கீறல் கண்ணில் பட்டால் மட்டும், அங்கே ஒரு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, உள்ளே தடவாமலே ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவார். கழித்துவிட்ட ஷூவுக்குள் கைவிட்டு நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்? தீபாவளிக்கு முன்னால் அந்தப் பெட்டியில் இருந்ததைத் தொழிலாளர்களுக்கே கம்மி விலையில் கொடுத்தார்கள். அவரும் அம்பை உரித்துவிட்டு ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டார்.

“நம்பரு நல்லா இருக்கு இல்லமா?” என்று திரையைக் காட்டிக் கேட்டார்.

கருவியை இயக்கிக்கொண்டிருந்த ரோஷினி சிரிக்கவில்லை. கணுக்காலில் கட்டிய பட்டை காற்றால் உப்பி ரத்தக்குழாயை நெரிக்க வேண்டும், எந்த அழுத்தத்தில் ஓட்டம் நிற்கிறதோ அதுதான் எண் என்று விளக்கினாள். நல்ல குழாய் நூற்றைம்பதுக்குள் மடங்கிவிடும்.

“உங்களுது லேசுல மடங்க மாட்டேங்குது சார். குழாய்ச் சுவர்ல சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியாயிருக்கு. இந்த நம்பரு ரத்தத்தோடது இல்ல, சுவரோடது.”

சுண்ணாம்பு என்றதும் கனகராஜுக்கு விளங்கிவிட்டது. தோல் பதனிடும்போது சுண்ணாம்பைச் சரியாகக் கழுவி எடுக்காவிட்டால் தோல் விறைத்துப்போகும். அப்படி வந்ததை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

“அப்ப கால எப்படித்தான் பாக்கறது?”

விரலில் பார்க்கலாம் என்றாள். அங்குள்ள பொடிக்குழாய்களில் சுண்ணாம்பு அவ்வளவாக ஏறாது. மோதிரம் போன்ற பட்டையைப் பெருவிரலில் மாட்டி, நுனியில் சிவப்பாக ஒளிரும் வில்லையை ஒட்டினாள். முதலில் ஓட்டத்தை முழுக்க நிறுத்தி, பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவாள். ரத்தம் திரும்பி வரும்போது திரையில் கோடு துள்ளும்.

“முப்பதுக்கு மேலேயே துள்ளிட்டா கொஞ்சம் நம்பலாம் சார்.”

நூறில் தொடங்கியது. கோடு படுத்துக் கிடந்தது. எண்பது. அறுபது. பூரணி அவர் தோளைப் பிடித்தாள். ஐம்பது. நாற்பத்தைந்து. ரோஷினியின் கை காற்றை இன்னும் மெதுவாக விட்டது. நாற்பது. ஒன்றுமில்லை. கனகராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏங்க, பாருங்க,” என்றாள் பூரணி.

முப்பத்தாறில் கோடு லேசாக நெளிந்தது. நின்றது. மறுபடி நெளிந்தது.

ரோஷினி இன்னொரு தடவை அளந்தாள். அதே முப்பத்தாறு. கம்மிதான், ஆனால் ஒரேயடியாக நிற்கவில்லை என்றாள். மேலே எங்கே அடைப்பு, பலூன் வைத்துத் திறக்க முடியுமா என்று டாக்டர் படம் எடுத்துப் பார்ப்பார். இன்றைக்கே அட்மிஷன்.

“கணுக்கால்ல நம்பரு வந்ததும் நிறுத்தியிருந்தா?” என்றார் கனகராஜ்.

“விவரம் தெரியாதவங்க நார்மல்னு எழுதி அனுப்பியிருப்பாங்க.”

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கம்பெனியில் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் முஸம்மிலைக் கூப்பிட்டார். அவனுக்கும் சர்க்கரை உண்டு.

“இன்னா தோஸ்த்து, ஊரு கால எல்லாம் காப்பாத்திட்டு உன் கால வுட்டுட்டியே,” என்று முஸம்மில் ஆரம்பித்தான்.

“அத வுடு. அன்னிக்கு ரிஜெக்ட் பொட்டியில நீயும் ஒரு ஜோடி எடுத்தியே, எங்க அது?”

“கால்லதான் போட்டுகினு நிக்கறேன். ஏன்?”

“உக்காரு. கழட்டு. உள்ள கைய வுடு.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஷூ கழன்று தரையில் தட்டியது. கனகராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.