சம்பந்தியின் அலுவலகம்

அன்று டொரோண்டோவை அடுத்த மில்லிக்கன் பகுதியில் உள்ள வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: வீட்டுக்காரர் அருள்நாயகம், மனைவி மக்டலீன், கலியாண மாப்பிள்ளையான மகன் மரியோ, அழைப்பிதழ் அச்சடிக்கும் அருள்நாயகத்தின் தம்பி கஸ்பர், மணப்பெண்ணின் தாய் ஃபுமியே ஷிமிசு.

கஸ்பர் நீட்டிய மாதிரி அட்டையைப் பார்த்ததும் அருள்நாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘கட்டடக் கலைஞர் காலஞ்சென்ற கென்ஜி ஷிமிசு அவர்களின் புதல்வி’ என்றிருந்தது.

“ஆர் உனக்கு உப்பிடிப் போடச் சொன்னது?”

“ஆரும் சொல்லோணுமே, அண்ணை? ஒஃபிஸ் போர்ட்டிலை ஷிமிசு எண்டு கிடக்கு. மனுசன்ரை பேரும் ஷிமிசு. அவர் திறந்த ஒஃபிஸை மனுசி நடத்தியிருக்கிறா. அஜக்ஸ், ஒஷாவா எல்லா இடமும் அப்பிடித்தான் கதை.”

“அந்தக் கதையைக் கொண்டு திரியிறதே நீதான்.”

ஃபுமியே ஜப்பானில் தன் ஊரில் சொந்தமாகக் கட்டடக்கலை அலுவலகம் திறந்த முதல் பெண். பெண்கள் கட்டடச் சாரத்தில் ஏறக்கூடாது என்று தச்சர்கள் மறித்து நிற்க, ஏறிப்போய்க் கூரையைப் பார்த்தவர். டொரோண்டோவுக்கு வந்து மறுபடி பரீட்சை எழுதி, நூல்நிலையங்களும் முதியோர் குடியிருப்புகளும் வரைந்தவர். கோயில் வாசலில் நின்று அருள்நாயகம் இதை எத்தனை தரம் சொல்லியிருப்பார். யார் காதில் ஏறியது?

மரியோ அட்டையில் உள்ளதை ஆங்கிலத்தில் விளக்கினான். ஃபுமியே தேநீரைக் கீழே வைத்தார்.

“என் கணவர் பல் மருத்துவர். எங்கள் நாட்டில் தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர்தான். எனக்குச் சகோதரர் இல்லை. அவர் என் பெயரை எடுத்துக்கொண்டார். இந்த அட்டை போனால் நான் கலியாணத்துக்கு வரமாட்டேன்.”

கஸ்பர் தமிழில் முணுமுணுத்தான்: “பெஞ்சாதியின்ரை பேரை எடுத்த மனுசன் எண்டால் சனம் சிரிக்கும், அண்ணை. நாளைக்கு மரியோவும் ஷிமிசுவோ எண்டு கேப்பினம். அட்டை இப்பிடியே கிடக்கட்டும்.”

“அவ ஏறின உயரத்துக்கு உம்மடை கதை எட்டாது, கஸ்பர்,” என்றார் மக்டலீன்.

அருள்நாயகம் அட்டையைக் கையில் எடுத்தார். தன் பெயரை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். விட்டுக்கொடுத்த ஒருவரைச் சபையில் சொல்வது அவருக்குக் கூச்சம். ஆனால் ஒரு பெண் உழைத்ததைப் பல் பிடுங்கியவர் பெயரில் எழுதிய அட்டை தன் வீட்டிலிருந்து போனால், அது அதைவிட வெட்கம். அட்டையை இரண்டாகக் கிழித்தார்.

“கட்டடக் கலைஞர் எண்டு அவவின்ரை பேருக்கு முன்னாலை போடு. சிரிக்கிறவன் என்னட்டை வரட்டும்.”

அடுத்த ஞாயிறு பூசை முடிய, ஒஷாவாவிலிருந்து வந்திருந்த சிநேகிதர் அன்புராசா கோயில் வாசலில் அருள்நாயகத்தைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன அண்ணை, உங்கடை சம்பந்தி புருசன்ரை ஒஃபிஸைத்தானாம் நடத்தினவ?”

“இல்லை. அந்தாள் பல் டொக்டர். ஒரு கோடும் கீறேல்லை. ஒஃபிஸ் அவவின்ரை. பேரும் அவவின்ரை.”